அடிமைகளை விடுவித்தது யார்? குடியுரிமைத் தேர்வு விடையில் குழப்பம்

கேள்வி:
அடுத்த மாதம் எனக்கு அமெரிக்கக் குடியுரிமை நேர்காணல். 2008 பட்டியலின் 100 கேள்விகளையும் உருப்போட்டுக்கொண்டிருக்கிறேன். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் என்ன செய்தது என்பதற்கு 'அடிமைகளை விடுவித்தது' என்று விடை போட்டிருக்கிறார்கள். எட்டாவது படிக்கும் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, அப்பா இது தப்பு என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில் 1:
மகள்தான். 1863 ஜனவரி 1 அன்று வந்த அந்தப் பிரகடனம் கிளர்ச்சியில் இருந்த தென் பகுதிகளுக்கு மட்டும்தான்; பிரிந்துபோகாமல் அமெரிக்க ஒன்றியத்தோடு நின்ற கென்டக்கி, டெலவேர், மேரிலாந்து, மிசௌரி அடிமைகளை அது தொடவே இல்லை, அதிலும் கென்டக்கிக்கும் டெலவேருக்கும் 1865 டிசம்பரில் அடிமைமுறையை ஒழித்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்த பிறகுதான் விடிந்தது. அதே கேள்விக்கு 'பெரும்பாலான தென் மாநிலங்களில் விடுவித்தது' என்ற விடையும் கீழேயே இருக்கிறது பாருங்கள். அதைச் சொல்லிவிடுங்கள், மகளும் திட்டமாட்டாள்.

பதில் 2:
அதே பட்டியலில் உள்நாட்டுப் போருக்குக் காரணம் கேட்டால் அடிமைமுறை, பொருளாதாரம், மாநில உரிமை, எதைச் சொன்னாலும் சரியாம். மாநில உரிமை என்றால் எதற்கான உரிமை? 1861இல் பிரிந்துபோன மிசிசிப்பி வெளியிட்ட அறிக்கையில், அடிமைமுறைதான் காரணம் என்று ஆரம்பத்திலேயே அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பதில் 3:
ஐயா, அதிகாரிக்குச் சரித்திர வகுப்பு எடுத்துவிடாதீர்கள். 2008 பட்டியலில் பத்துக்கு ஆறு போதும், எனக்கு ஆறாவது சரியானதுமே நிறுத்திவிட்டார். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டது எப்போது என்று கேட்டால் ஜூலை 4 என்று மட்டும் சொல்லுங்கள்; பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2 என்பதை மகளிடம் சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:
சொன்னேன். அது அவளுக்கு ஏற்கெனவே தெரியுமாம்.