இரவில் எடுத்த கல்ச்சர் மாதிரிகள்: எது ஃப்ரிட்ஜில், எது வெளியில்?

வார்டு_இரவுப்பணி:
வணக்கம். இரவு 8 மணிக்கு மேல் எங்கள் மைக்ரோபயாலஜி லேபில் மாதிரி வாங்க ஆள் இல்லை. மறுநாள் காலை 8 மணிக்குத்தான் வாங்குவார்கள். இடையில் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கிற யூரின், பிளட் கல்ச்சர் பாட்டில், சளி, சீழ் ஸ்வாப் (பஞ்சுக் குச்சி) எல்லாம் வார்டு ஃப்ரிட்ஜில் ஒரே தட்டில்தான் இருக்கின்றன. யூரின் ரிப்போர்ட்டில் "கலப்பு வளர்ச்சி, மறு மாதிரி அனுப்பவும்" என்று அடிக்கடி வருகிறது. எதை ஃப்ரிட்ஜில் வைக்கலாம், எதை வைக்கவே கூடாது, எவ்வளவு நேரம் தாங்கும்? பிளட் கல்ச்சர் பாட்டிலை 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிடலாமா? காரணத்தோடு சொன்னால் மற்றவர்களுக்கும் எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும்.

அகார்_தட்டு:
யூரினில் இருந்து தொடங்குகிறேன். நீங்கள் அதை ஃப்ரிட்ஜில் வைப்பது சரிதான். அறை வெப்பத்தில் 2 மணி நேரம், 2–8 டிகிரியில் 24 மணி நேரம். அதற்கு மேல் போனால் அந்த மாதிரியைப் போடுவதில் பொருளில்லை.

காரணம் எளிய கணக்கு. லேபில் 1 மைக்ரோ லிட்டர் யூரினை லூப்பால் (அளவு வளையம்) கிருமி வளர்க்கும் தட்டில் இழுப்பார்கள். தட்டில் ஒரு காலனி (ஒரு கிருமி பெருகி உண்டாகும் புள்ளி) வந்தால் மில்லி லிட்டருக்கு 1,000 கிருமி, 100 காலனி வந்தால் ஒரு லட்சம். தோலில் இருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஆயிரம் கிருமி லட்சத்தைத் தாண்ட ஏழு முறை இரட்டித்தாலே போதும். ஈ.கோலை உடல் வெப்பத்தில், நல்ல ஊடகத்தில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அறை வெப்பத்தில் வேகம் குறைவுதான், ஆனால் பன்னிரண்டு மணி நேரம் கிடந்தால் அந்த வித்தியாசம் காப்பாற்றாது. காலையில் தட்டைப் பார்ப்பவருக்கு அது உண்மையான தொற்றா, மேசையில் வளர்ந்ததா என்று பிரித்தறிய வழியே இல்லை.

ஃப்ரிட்ஜ் பெருக்கத்தை நிறுத்தி வைக்கும். ஏற்கெனவே கலந்துவிட்டதை நீக்காது. அதனால் ஃப்ரிட்ஜில் வைத்தும் கலப்பு வளர்ச்சி வருகிறது என்றால் இரண்டு இடத்தில் தேடுங்கள். ஒன்று, எடுத்த பிறகு ஃப்ரிட்ஜுக்குள் போகும்வரை வெளியே கிடந்த நேரம். மற்றொன்று, எடுக்கும் முறை: முதலில் வருவதை விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பிடிக்க வேண்டும். பெண்கள் இதழ்களைப் பிரித்துப் பிடித்தபடியே கழிக்க வேண்டும், டப்பாவின் விளிம்பு தோலில் படக் கூடாது. கதீட்டர் போட்டவர்களுக்கு எக்காரணம் கொண்டும் பையில் இருந்து எடுக்காதீர்கள். மாதிரி எடுக்கும் போர்ட்டுக்குக் கீழே குழாயைச் சிறிது நேரம் கிளாம்ப் செய்து, போர்ட்டை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, சிரிஞ்சால் இழுங்கள்.

போரிக் அமிலம் போட்ட குழாய் கிடைத்தால் இரவுக்கு மிகவும் நல்லது. ஆனால் கோடு வரை நிரப்ப வேண்டும். பாதி நிரப்பினால் அமிலத்தின் செறிவு கூடி, நாம் தேடும் கிருமியையே அடக்கிவிடும்.

சென்சார்_37:
பிளட் கல்ச்சர் பாட்டில் ஃப்ரிட்ஜில் போகவே கூடாது. குளிரில் சில நுட்பமான கிருமிகள் செத்துவிடும், மற்றவை வளரத் தாமதமாகும். அறை வெப்பத்தில், வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

தானியங்கிக் கருவியில் போடும் பாட்டில் என்றால் இன்குபேட்டரிலும் வைக்காதீர்கள். இதைத்தான் பலரும் நம்ப மறுக்கிறார்கள்: 37 டிகிரியில்தானே கிருமி வளரும், முன்கூட்டியே வைத்தால் சீக்கிரம் முடிவு வருமே என்று. கருவி பாட்டிலைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து, கார்பன் டை ஆக்சைடு உயரும் வேகத்தைக் கவனிக்கிறது. இரவு முழுக்க இன்குபேட்டரில் வளர்ந்து உச்சத்தைத் தொட்டுவிட்ட பாட்டிலை காலையில் உள்ளே வைத்தால், அதற்குப் பிறகு ஏற்றமே இருக்காது. கருவி "நெகட்டிவ்" என்று சொல்லிவிடும் அபாயம் உண்டு. ரத்தத்தில் கிருமி உள்ள நோயாளிக்கு இல்லை என்று ரிப்போர்ட் போவதைவிட மோசமானது எது?

அப்படி யாராவது இன்குபேட்டரில் வைத்துவிட்டிருந்தால் மறைக்காமல் லேபில் சொல்லுங்கள். அவர்கள் கிராம் ஸ்டெயின் (மைக்ரோஸ்கோப்பில் கிருமி தெரியச் சாயமேற்றுவது) போட்டு, சாக்லேட் அகார் என்ற ஊடகத் தட்டில் சப்கல்ச்சரும் (எடுத்து மீண்டும் வளர்ப்பது) செய்து பார்ப்பார்கள்.

சரியான வழி: எடுத்த சில மணி நேரத்துக்குள் கருவியில் ஏற்றுவது. பெரும்பாலான கருவிகளில் பாட்டிலின் பார்கோடை ஸ்கேன் செய்து உள்ளே தள்ளுவதுதான் வேலை. கேஷுவாலிட்டி லேபில் இரவு இருக்கும் டெக்னீஷியனுக்குப் பழக்கிவிடலாம். இதை மைக்ரோபயாலஜி டாக்டரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

பிராத்_குடுவை:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். கருவி இல்லாமல், பி.எச்.ஐ. பிராத் (கிருமி வளர்க்கும் திரவ ஊடகம்) ஊற்றிய சாதாரணக் குடுவையைப் பயன்படுத்தும் லேப்களும் நிறைய. அங்கே கலங்கலைக் கண்ணால் பார்த்து, சப்கல்ச்சர் செய்துதான் முடிவு சொல்கிறார்கள். அந்தக் குடுவையை உடனே 37 டிகிரியில் வைப்பதே சரி. ஆகவே சிஸ்டர், உங்கள் லேபில் எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வகைக்கும் பொது: பெரியவர்களுக்குக் கருவிப் பாட்டில் ஒன்றுக்கு 8–10 மி.லி.; குடுவை என்றால் ரத்தம் பிராத்தில் ஐந்தில் ஒன்று முதல் பத்தில் ஒன்று வரை. வேறு வேறு இடத்தில் குத்தி இரண்டு செட். முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக்குக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். ஆனால் செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளிக்கு இதற்காக மருந்தைத் தாமதிக்கக் கூடாது. பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியை எடுத்ததும் உள்ளே இருக்கும் ரப்பர் ஸ்டெரைல் கிடையாது, அதையும் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும்.

வார்டு_இரவுப்பணி:
மிக்க நன்றி. எங்களுடையது கருவிப் பாட்டில்தான். சி.எஸ்.எஃப். (மூளைத் தண்டுவட நீர்), சீழ், சளி, மலம் பற்றியும் சொல்லுங்களேன்.

அகார்_தட்டு:
சி.எஸ்.எஃப். காலை வரை காத்திருக்கிற மாதிரி இல்லை. மெனிஞ்சோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்ற கிருமிகள் குளிரைத் தாங்காது, அதனால் ஃப்ரிட்ஜ் கூடாது. வெளியே வைத்தாலும் நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளணு) செல்கள் சிதைந்து, 2 மணி நேரத்தில் எண்ணிக்கை பாதியாகவே குறைந்துவிடலாம். செல் கவுன்ட்டும் கிராம் ஸ்டெயினும் உடனே பார்க்கப்பட வேண்டும்; டியூட்டி டாக்டரை எழுப்பத் தயங்காதீர்கள். வைரஸ் பி.சி.ஆருக்கு மட்டும் தனிக் குழாயில், ஃப்ரிட்ஜில்.

சீழை ஸ்வாபில் எடுப்பதைவிட சிரிஞ்சில் இழுத்தது நல்லது. காற்றை வெளியேற்றி, ஊசியைக் கழற்றி, மூடி போட்டு, அறை வெப்பத்தில் வையுங்கள். குளிரும் காற்றும் அனரோப்களுக்கு (ஆக்சிஜன் இல்லாமல் வளரும் கிருமிகள்) ஆகாது. ஸ்வாப்தான் வழி என்றால் ஏமிஸ் ஊடகத்தில் (ஸ்வாப் உலராமல் கிருமியைக் காக்கும் ஜெல் அல்லது திரவம்) வையுங்கள்; உலர்ந்த ஸ்வாப் காலைக்குள் பயனற்றுப் போகும். கிராம் ஸ்டெயினுக்கு இன்னொரு ஸ்வாப். திசுத் துண்டை ஃபார்மலினில் போட்டால் கல்ச்சர் அத்தோடு முடிந்தது.

சளிக்கு ஃப்ரிட்ஜ், டி.பி.க்கு அனுப்புவதும் அப்படியே. எச்சில் மட்டும் இருந்தால் வைத்துப் பயனில்லை.

பிராத்_குடுவை:
மலத்தில் கேட்பது எது என்பதைப் பொறுத்து மாறும். கல்ச்சர் என்றால் கேரி-பிளேர் ஊடகத்தில் (மல மாதிரியைக் காத்து அனுப்புவதற்கானது) போடுங்கள். வெறும் டப்பாவில் அமிலத்தன்மை ஏறி ஷிகெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி சீக்கிரம் சாகும். சி.டிஃபிசில் என்ற குடல் கிருமியின் நச்சுப் பரிசோதனைக்கு ஃப்ரிட்ஜ். அமீபா பார்க்க வேண்டுமென்றால் நீராகப் போன மலத்தை அரை மணி நேரத்துக்குள் மைக்ரோஸ்கோப்பில் வைக்க வேண்டும், ஃப்ரிட்ஜில் அது அசைவை இழந்துவிடும்.

ஃபாரத்தில் எடுத்த நேரம், ஃப்ரிட்ஜில் வைத்த நேரம் இரண்டையும் எழுதுங்கள். "காலை 8 மணி, வந்தது" என்று மட்டும் இருந்தால் லேபுக்கு ஒன்றும் தெரியாது.