சொந்த இணையக் கடையா, வாட்ஸ்அப் போதுமா? மருதமுனைக் கைத்தறி பற்றி ஒரு வாக்குவாதம்

நாலுதறி_மருதமுனை:
எங்கட வீட்டில நாலு தறி ஓடுது. சாறியும் சாரனும் நெய்யிறம். மூணு வருசமா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலயும் பேஸ்புக் பக்கத்திலயும் போட்டுத்தான் விக்கிறன். இனிச் சொந்தமா இணையக் கடை திறக்கிற எண்டு முடிவெடுத்திட்டன். வீட்டில வேணாம் எண்டு நிக்கிறாங்க. காரணத்தைச் சொல்றன், பிழை எண்டா சொல்லுங்க.

கைத்தறியில ஒரு சாறி மாதிரி இன்னொண்டு வாறது குறைவு. பாவு, அதான் தறியில ஏத்தின நீள நூல், முடிஞ்சா அந்த நிறமும் முடிஞ்சிது. போன மாசம் ஒரே மஞ்சள் சாறியக் கொழும்பில ஒரு டீச்சரும் குருநாகலில ஒரு மிஸ்ஸும் ஒரே ராவில கேட்டாங்க. ரெண்டு பேருக்கும் "ஓம், இரிக்கு" எண்டு அனுப்பிட்டு நித்திரையாகிட்டன். விடிஞ்சு பாத்தா ரெண்டு பேரும் காசு போட்டிரிக்காங்க. ஒராளுக்குத் திருப்பி அனுப்பி மன்னிப்புக் கேட்டன். அவ பிறகு வரவே இல்ல.

கஜு_ஆரையம்பதி:
தங்கச்சி, அதுக்குக் கடை தேவையில்ல, ஒரு கொப்பி போதும். ஆர் முதல்ல காசு போட்டாவோ அவக்குத்தான் சாமான் எண்டு ஸ்டேட்டஸில எழுதி வையுங்க.

நான் கஜு விக்கிறன். நானும் ஆசைப்பட்டு ஒரு தளம் செய்விச்சன். செய்து தந்த ஆள் தளத்தின்ர இணையப் பெயரைத் தன்ர மின்னஞ்சலில பதிஞ்சிருந்தார். பிறகு ஆள் வெளிநாடு போயிற்றார், போனும் எடுக்கல. வருசக் கட்டணம் கட்டுற திகதி வந்ததே எனக்குத் தெரியாது. பெயரும் போச்சு, பைக்கற்றில அடிச்ச ஸ்டிக்கரும் வீணாப் போச்சு. அந்த வருசம் உழைச்ச காசில பெரும்பங்கு அதிலதான் போனது. உங்களுக்கும் அப்படி வரக்கூடாது.

அதோட நம்மட ஆக்கள் கதைச்சுத்தான் வாங்குவாங்க. "முந்தானையை விரிச்சுக் காட்டுங்க", "வெயிலுக்குள்ள ஒரு வீடியோ எடுங்க" எண்டு கேப்பாங்க. அதெல்லாம் ஒரு பட்டனுக்குத் தெரியாது.

கல்லடி_கோடர்:
அக்கா, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனா அது தளத்தின்ர பிழை இல்ல, பெயர் ஆர்ர கையில இருந்தது எண்டதுதான் பிழை. .எல்கே பெயரை நம்மட மின்னஞ்சலில, நம்மட காசில நாமளே பதியலாம். தமிழில .இலங்கை எண்டு முடியிற பெயர்கூட 2010 இலிருந்து இருக்கு. செய்து தாறவருக்கு உள்ள போற வழியை மட்டும் குடுங்க, உரிமையைக் குடுக்காதீங்க.

நாலுதறி அக்கா, வேர்ட்பிரஸ் எண்ட தளம் செய்யிற மென்பொருளில, கடை நடத்திற வூகொமர்ஸ் எண்ட இணைப்பைப் போடுங்க. மென்பொருளுக்குக் காசில்ல, பெயருக்கும், தளத்தை இணையத்தில வைக்கிற ஹோஸ்டிங்குக்கும் மட்டும்தான் செலவு. ஒவ்வொரு சாறிக்கும் இருப்பு 1 எண்டு போடுங்க. ஒராள் ஓடர் பண்ணினதும் மற்ற ஆளுக்கு "முடிஞ்சிது" எண்டு காட்டும். அண்டைக்கு ராவில வந்த பிரச்சினை அதோட சரி. ஷொப்பிஃபை எண்ட வாடகைக் கடைத் தளம் லேசு, ஆனா மாசா மாசம் டொலரில கட்டவேணும். அவங்கட சொந்தக் கொடுப்பனவு முறை இலங்கையில இல்லாததால, வேற கேற்வே (காட் காசை வாங்கித் தாற சேவை) போட்டா அடிப்படைத் திட்டத்தில ஒவ்வொரு விற்பனைக்கும் இன்னும் 2 வீதம் எடுப்பாங்க.

நூல்கடை_நானா:
தம்பி, அவ்வளவு லேசாக முடித்துவிடாதீர்கள். இங்கே பாதிப் பேர் வங்கிக்குத்தான் போடுவார்கள். "வங்கிக்குப் போடுகிறேன்" என்று ஓடர் பண்ணிவிட்டுப் போடாமலே விட்டால்?

கல்லடி_கோடர்:
நல்ல கேள்வி நானா. வூகொமர்ஸில வங்கிக் காட் மூலம் கட்ட வெளிக்கிட்டுப் பாதியில விட்டா, வழமையா 60 நிமிசத்தில ஓடர் தானாவே ரத்தாகும், சாறி திரும்ப விற்பனைக்கு வரும். வங்கிப் பரிமாற்றம் எண்டா அப்படி இல்ல. ஓடர் "ஒன் ஹோல்ட்" (காசுக்குக் காத்திருக்கு) எண்டு நிக்கும், இருப்பும் குறைஞ்சே கிடக்கும். நாமதான் பாத்து ரத்துச் செய்யவேணும். இத விட்டா ஒரு சாறி கிழமைக் கணக்கில ஆருக்கும் விக்காமக் கிடக்கும்.

கஜு_ஆரையம்பதி:
பாத்தீங்களா, கடைசியில மனுசர்தான் பாக்கவேணும்.

நூல்கடை_நானா:
என் கவலை வேறு. எல்லாரும் பார்சல் வந்த பிறகு வீட்டில் வைத்துக் காசு கொடுக்கிற முறையைத்தான் கேட்பார்கள். 6,000 ரூபாச் சாறியில் உங்களுக்கு மிஞ்சுவது 1,000 என்று வைத்துக்கொள்வோம். பார்சல் போக 400, திரும்பி வர 400 என்றால், திரும்பி வந்த ஒரு சாறி விற்ற ஒரு சாறியின் இலாபத்தை ஏறக்குறைய முழுதாகத் தின்றுவிடும். கசங்கி வந்த துணியைத் திரும்பக் கஞ்சி போட்டு மடிக்கிற கூலியை நான் இதில் சேர்க்கவில்லை. காட் கேற்வேக்கு 3 வீதம் போனாலும் 180 ரூபாதான். எது நட்டம்? கடை திறப்பதை நான் எதிர்க்கவில்லை. அந்த முறையோடு திறப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

கல்லடி_கோடர்:
நானா, அது இல்லாட்டிப் புது ஆக்கள் நம்பமாட்டாங்க. முதல் தரம் வாங்கிறவ எந்த நம்பிக்கையில முன்கூட்டிக் காசு போடுவா?

நூல்கடை_நானா:
நம்பவைக்கிற வேலையைப் படம் செய்யட்டும். காலை நேரத்தில் வாசல் நிழலில் வைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் போட்டு எடுங்கள். தாள் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் சாறியின் நிறமும் ஓரளவு உண்மையாக இருக்கும். இரவில் பல்ப் வெளிச்சத்தில் எடுத்த படத்தால்தான் "நான் கேட்ட நிறம் இது இல்லை" என்று திரும்பி வருகிறது. சாறி ஐந்தரை மீற்றர், ரவிக்கைத் துண்டு தனி, முதல் கழுவலுக்குச் சாயம் கொஞ்சம் விடும் என்பதையெல்லாம் மறைக்காமல் எழுதுங்கள். தமிழோடு சிங்களத்திலும் எழுதுங்கள். கைத்தறி கட்டுகிற டீச்சர்மாரில் எத்தனை பேர் சிங்களம் என்று உங்களுக்கே தெரியும்.

கஜு_ஆரையம்பதி:
நானா சொல்ற எல்லாத்தையும் வாட்ஸ்அப் கற்றலொக்கிலயே போடலாமே. படம், விலை, விபரம் எல்லாத்துக்கும் அதில இடமிருக்கு, அதுவும் சும்மா.

நாலுதறி_மருதமுனை:
அக்கா, கற்றலொக் நல்லதுதான், அத நான் விடப்போறதில்ல. ஆனா என்ர மனசில கிடக்கிறது வேற.

எங்கட வாப்பா சாறி விக்கிற காலத்தில நீட்டுக் கொப்பி ஒண்டு வெச்சிருந்தார். கண்டி, பதுளை, மாத்தறை எண்டு ஊர் ஊரா ஆர் என்ன நிறம் வாங்கினாங்க எண்டு எழுதி வெப்பார். 2004 சுனாமியில தறியோட கொப்பியும் போச்சு. தறி திரும்பக் கிடைச்சிது. அந்தப் பேர்கள் கிடைக்கல. வாப்பா முதல்ல இருந்து தொடங்கினார், பழைய ஆக்கள் பத்துப் பேரக்கூடத் தேடிப் பிடிக்கேலாமப் போயிற்று.

இப்ப என்ர ஆக்கள் முழுக்க ஒரு போனுக்குள்ள இரிக்காங்க. போன் தண்ணிக்குள்ள விழுந்தா, பேஸ்புக் பக்கத்த ஆரும் முடக்கினா, நானும் வாப்பா மாதிரித்தான். சொந்தக் கடை எண்டா ஓடர் லிஸ்ற்ற மாசத்துக்கொருக்கா இறக்கி வேற இடத்தில வெக்கலாம். வித்தாலும் விக்காட்டியும் அந்த லிஸ்ற் எனக்கு வேணும்.

கஜு_ஆரையம்பதி:
இத நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம். என்ர போனிலயும் அப்படித்தான் கிடக்கு எல்லாம். ஆனாலும் வருசா வருசம் காசு கட்டித் தளம் வைக்கிறதுக்கு நான் இன்னும் ஓம் சொல்லல. லிஸ்ற்றைக் கணினியில தட்டி வெச்சாலும் அதே வேலைதானே.

கல்லடி_கோடர்:
தட்டுவீங்களா அக்கா, ஒவ்வொரு ராவும்?

கஜு_ஆரையம்பதி:
கஜு வறுத்து முடிச்சு, பைக்கற் பண்ணி முடிச்ச பிறகா? இல்ல.

நாலுதறி_மருதமுனை:
முடிவு இதுதான். முதல்ல பன்னிரண்டு சாறி மட்டும் கடையில ஏத்துறன். வீட்டில வைச்சுக் காசு குடுக்கிறது இல்ல. நானா சொன்ன கணக்கு எங்கட உம்மாவுக்கும் விளங்கிட்டு. முதல் மூணு மாசம் வங்கிப் பரிமாற்றம் மட்டும். ரெண்டு நாளைக்குள்ள காசு வராட்டி ஓடர நானே ரத்துச் செய்வன். கேற்வேக்கு வியாபாரப் பதிவு கேப்பாங்க எண்டதால அடுத்த கிழமை பிரதேச செயலகத்துக்குப் போறன். சந்தேகம் கேக்கிறவங்களுக்கு ஒவ்வொரு சாறிக்குக் கீழயும் வாட்ஸ்அப் பட்டன் இரிக்கும். முந்தானைய விரிச்சுக் காட்டச் சொன்னா காட்டுவன்.

கோடர் தம்பி, சாரன் ஒரே நிறத்தில பத்துப் பதினஞ்சு வரும். அதுக்கு ஒரு பக்கமாப் போட்டு எண்ணிக்கை குடுக்கிறதா, இல்ல தனித்தனியா?

கல்லடி_கோடர்:
ஒரே பக்கம், எண்ணிக்கை 15. தனித்தனியாப் போடுறது சாறிக்கு மட்டும்.