ஜின் முதலியோருக்குப் பொதுச்சொல்: ‘கரந்துறைவோர்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

மூன்று நாளாக ஓடும் இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். நாட்டார் கதைச் சொற்பட்டியலில் அரபு நாடுகளின் ஜின், பாரசீகக் கதைகளில் தேவதைபோல வரும் பரி, ஐஸ்லாந்தின் மறைமக்கள் எல்லோரையும் ஒரே தலைப்பின்கீழ் வைக்க ஒரு சொல் வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. எந்தச் சொல் என்பதில்தான் நிற்கிறோம்.

> ‘மீயியற்கை உயிரிகள்’ என்று வைத்துவிடலாம். எல்லாமே அதில் அடங்கிவிடும்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. ஜின்னை நம்புகிறவர்களுக்கு ஜின் இயற்கையை மீறியது அல்ல. மனிதன் மண்ணால் படைக்கப்பட்டதுபோல ஜின் புகையற்ற நெருப்பால் படைக்கப்பட்டது என்று குர்ஆன் சொல்கிறது. ஜின்களும் உண்பார்கள், மணம் செய்வார்கள், பிள்ளை பெறுவார்கள், சாவார்கள். அவர்களிலும் நல்லவரும் கெட்டவரும் உண்டு, அவர்களுக்கும் தீர்ப்புநாள் உண்டு. நம்மோடு இதே உலகத்தில் வாழ்கிற இன்னொரு கூட்டம் அவர்கள். இப்படிப்பட்ட நம்பிக்கைக்கு ‘மீயியற்கை’ என்று பெயர் வைத்தால், நம்பாதவர் வெளியே நின்று பார்த்த பார்வைதான் சொல்லில் ஏறும்.

அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் சரியில்லை. சுலைமான் நபி கைத்தடியில் ஊன்றி நின்றபடியே இறந்துபோனார். அவருக்காக வேலை செய்துகொண்டிருந்த ஜின்களுக்கு அது தெரியவில்லை. பூச்சி தடியை அரித்து, அவர் உடல் சாய்ந்த பிறகுதான் புரிந்தது. மறைந்து வாழ்கிறவர்களுக்கே மறைவானது தெரியாது என்று இந்தக் கதை காட்டுகிறது. அதனால் ‘மாயாவி’, ‘அற்புத உயிர்’ என்று வந்த முன்மொழிவுகளையும் விட்டுவிடலாம் என்பேன்.

சரி, பூதம்? அலாவுதீன் கதையால் தமிழில் ஊன்றிவிட்ட சொல் இது. ஆனால் நம் பூதத்துக்குத் தனி வரலாறு இருக்கிறது. புகார் நகரத்துச் சதுக்கப்பூதம் பொய்ச்சாட்சி சொல்பவர்களைப் பிடித்து உண்ணும் காவல் தெய்வம். விளக்கைத் தேய்த்தால் வந்து கைகட்டி நிற்பதற்கும் அதற்கும் ஒட்டே இல்லை. இதே சறுக்கல் பிரெஞ்சிலும் நடந்தது. 1704 முதல் 1717 வரை ஆயிரத்தொரு இரவுகளைப் பிரெஞ்சில் கொண்டுவந்த கலான், ஜின்னுக்கு ‘ழேனி’ என்று எழுதினார். ஒலியும் ஏறக்குறைய ஒத்தது, பொருளும் ஓரளவு ஒத்தது. ஆனால் அது பிறப்பிலிருந்தே ஒருவரைக் காக்கும் ரோமானியக் காவல் ஆவியைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழி வந்தது. முன்னூறு ஆண்டுகள் ஆகியும் அந்தக் குழப்பம் தீரவில்லை. நாம் ஒரு சொல் வைக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

அரபு மொழி என்ன செய்கிறது என்று பார்த்தால் வழி கிடைக்கிறது. ஜீம்-நூன்-நூன் என்ற மூன்றெழுத்து வேருக்கு ‘மறைத்தல், மூடுதல்’ என்று பொருள். கருப்பைக்குள் மறைந்திருக்கும் சிசு ‘ஜனீன்’. மரங்கள் மூடிய தோட்டம் ‘ஜன்னத்’. உடலை மறைக்கும் கேடயம் ‘ஜுன்னத்’. அறிவு மூடப்பட்டவன் ‘மஜ்னூன்’, லைலாவின் மஜ்னூனேதான். கண்ணுக்கு மறைந்தவர்கள் ‘ஜின்’. ஐஸ்லாந்துக்காரர்கள் பாறைகளுக்குள் வாழ்வதாகச் சொல்லும் ‘ஹுல்டுஃபோல்க்’ என்ற பெயருக்கும் ‘மறைந்த மக்கள்’ என்றுதான் பொருள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள் இந்த உயிர்களின் ஆற்றலை விட்டுவிட்டு, அவர்கள் கண்ணில் படாததை வைத்தே பெயரிட்டிருக்கின்றன. நாமும் அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில் ‘மறை’யைத்தான் முயன்றேன். ‘மறையோர்’ என்றால் அந்தணர் என்று ஆகிவிடுகிறது. அப்புறம்தான் ‘கரந்துறை’ நினைவுக்கு வந்தது. ஒரு செய்யுளுக்குள் இன்னொன்று ஒளிந்திருந்தால் கரந்துறைபாட்டு. சோதிடத்தில் கண்ணுக்குத் தெரியாத கோளுக்குக் கரந்துறைகோள் என்று பெயர். மறைந்து உறைதல் என்ற பொருளில் தமிழ் ஏற்கெனவே பழக்கி வைத்திருக்கும் சொல் இது. அதிலிருந்து ‘கரந்துறைவோர்’.

இதில் ‘உறை’ என்ற பாதி எனக்கு இன்னும் பிடித்தது. பாழடைந்த வீடு, கிணறு, குளியலறை, சுடுகாடு என்று ஜின்களுக்கு எப்போதும் ஓர் இருப்பிடம் சொல்லப்படுகிறது. மொராக்கோவில் ஜின் பிடித்தவரை ‘மஸ்கூன்’ என்பார்கள். ‘குடியிருக்கப்பட்டவர்’ என்பது அதன் பொருள். வீட்டில் ஆள் குடியிருப்பதுபோல உடலுக்குள் ஜின் குடியிருக்கிறது. நாம் பிடித்தல் என்கிறோம், அவர்கள் உறைதல் என்கிறார்கள்.

> கரவு என்றால் வஞ்சகம் அல்லவா? நல்ல ஜின்னுக்கு அந்தப் பழி வராதா?

நியாயமான கேள்வி, ஐயா. ஆனால் குறளில் தலைவி கண்ணுக்கு மை எழுத மறுக்கிறாள். கண்ணுக்குள் இருக்கும் காதலர் மை தீட்டும் நேரம் மறைந்துபோவாரே என்று ‘கரப்பாக்கு அறிந்து’ எழுதாமல் விடுகிறாள். அந்தக் கரப்பில் வஞ்சகம் இல்லை, வெறும் மறைதல்தான். கரந்துறை என்ற கூட்டுச்சொல்லிலும் பழி ஒட்டியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்து திணை. ‘உயிரி’ வேண்டாம், ‘ஓர்’ என்ற உயர்திணை விகுதி வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. ‘மக்கள் தேவர் நரகர் உயர்திணை’ என்கிறது நன்னூல். பேச்சில் பேய் ‘வந்தது’, பூதம் ‘நின்றது’. ஜின்னையும் அப்படியே அஃறிணையில் தள்ளிவிடப் பார்க்கிறோம். மனிதரையும் ஜின்னையும் சேர்த்தே விளிக்கிற வேதம் ஒன்று இருக்கிறது. அதன் 72ஆம் அத்தியாயத்துக்கே ‘ஜின்’ என்றுதான் பெயர். அதில் ஜின்களே ‘நாங்கள் கேட்டோம்’ என்று பேசுகிறார்கள். டெல்லியில் ஃபிரோஸ் ஷா துக்ளக் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டையின் இடிபாடுகளுக்கு வியாழக்கிழமைதோறும் மக்கள் போகிறார்கள். அலுவலகத்துக்கு மனு எழுதுவதுபோல ஜின்களுக்குக் குறையை எழுதி, நகல் எடுத்து, அறை அறையாக வைத்துவிட்டு வருகிறார்கள். மனுவை யாரும் அஃறிணைக்கு எழுதுவதில்லை.

எங்கள் உம்மம்மா, அதாவது அம்மாவின் அம்மா, கொதிநீரை மண்ணில் ஊற்றுமுன் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு கணம் நிற்பார். ஏன் என்று கேட்டால், “அவங்கட புள்ளைகள் இருப்பாங்க மகள், சுட்டுப்போடும்” என்பார். பெயரைச் சொல்லவே மாட்டார். எப்போதும் ‘அவங்க’தான். துருக்கியிலும் பெயரைச் சொல்லாமல் ‘மூன்றெழுத்துக்காரர்’ (அங்கே ‘ஜின்’ என்று எழுத மூன்றெழுத்து) என்பார்கள் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு உம்மம்மாவின் குரல்தான் கேட்டது. அந்த ‘அவங்க’வை நம் சொற்பட்டியல் ‘அவை’ ஆக்கிவிடக் கூடாது.

சொல்லின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். பேயும் ஆவியும் இதில் சேரா. நம் வழக்கில் அவை பெரும்பாலும் இறந்த மனிதர். கரந்துறைவோர் என்றுமே மனிதராக இருந்தவர் அல்லர். தனிப்பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். ஜின், ஜின் வகைகளான இஃப்ரீத், மாரித், அப்புறம் பரி எல்லாம் அப்படியே இருக்கட்டும். ‘ஜின்’ என்று தேடினால் மதுவகையும் வந்து கலக்கிறது என்ற குறைக்கு, தலைப்பில் ‘ஜின் – கரந்துறைவோர்’ என்று சேர்த்து எழுதினாலே போதும். ஒருமையும் பாலும் தேவைப்படும் இடத்தில் சொல் வளைந்து கொடுக்கிறது. மொராக்கோவில் குளம்புக் கால்களோடு அழகியாக வரும் ஆயிஷா கந்தீஷாவைக் ‘கரந்துறைவாள்’ எனலாம்.

இன்னொன்றும் கிடைத்தது. ஒவ்வொரு மனிதரோடும் பிறப்பிலிருந்தே கூட இருக்கும் ஜின்னை அரபியில் ‘கரீன்’ என்பார்கள். ‘இணைந்திருப்பவர்’ என்று பொருள். அதற்கு ‘உடனுறைவோர்’ என்று வைத்தால் இரண்டும் ஒரே குடும்பமாக நிற்கும்.

‘காத்து கருப்பு’ என்று முன்மொழிந்த அக்காவுக்கு: மக்கள் வாயில் உள்ள அழகான வழக்கு அது. அதைப் பொதுச்சொல் ஆக்காமல், தமிழகத்துக் கதைகளுக்கான தனிப் பதிவாக அதே பெயரில் வைக்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன். மறுப்பு வராவிட்டால் கரந்துறைவோர், உடனுறைவோர் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். பாரசீகம் தெரிந்தவர்கள் ‘பரி’ இந்தத் தலைப்பில் பொருந்துமா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.