கலைச்சொல் வேண்டும்: வித்தைக்கென்று செய்த சீட்டுக்கட்டு

மடல்: காரைக்குடி ஆசிரியை

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

எங்கள் பள்ளியில் கோடை விடுமுறைக்கு மாயவித்தைப் பயிலரங்கு வைத்திருக்கிறோம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். சீட்டு வித்தைக்கென்று 16 பக்கத்தில் ஒரு கையேடு எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். 'எந்தக் கட்டை வாங்குவது' என்ற பகுதியில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

கடையில் கிடைக்கும் சாதாரணக் கட்டு ஒரு வகை. சீட்டிலேயே ஏதோ வேலை செய்து, வித்தைக்காரர்களுக்கென்று விற்கும் கட்டு இன்னொரு வகை. 'காஃப் டெக்', 'கிம்மிக் டெக்' என்கிறார்கள். இந்த இரண்டாம் வகைக்கு ஒரு பொதுச்சொல் தேவை. கூடவே இரண்டு சில்லறைச் சொற்கள்: சீட்டின் மேற்பரப்பைக் குறிக்கும் 'ஃபினிஷ்', தலைகீழாகத் திருப்பினால் காட்டிக்கொடுக்கும் பின்பக்கச் சித்திரமான 'ஒன் வே பேக்'.

'கள்ளக்கட்டு' என்று எழுதிப் பார்த்தேன். தலைமையாசிரியர் படித்துவிட்டு, "பள்ளிக்கூடத்தில் சீட்டே கூடாதுங்கிறேன், அதிலும் கள்ளச்சீட்டா?" என்றார்.

மடல்: தேவகோட்டைப் புலவர்

அம்மையீர், சொல் நம் வீட்டிலேயே கிடக்கிறது. கரத்தல் என்றால் மறைத்தல். 'காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை' என்று நன்னூல் படித்த யாவர்க்கும் இது தெரியும். கரவு உடைய கட்டு, கரவுக்கட்டு.

இன்னும் நுணுகினால் 'கரவு' என்ற அடையே மிகை. சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று அடுக்குகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. அந்த எட்டையும் துணையாகக் கொண்டு திரிபவர்களைக் 'கட்டுண் மாக்கள்' என்கிறார் இளங்கோவடிகள். இந்தக் கட்டு, கயிற்றால் கட்டும் கட்டு அன்று. கள் என்னும் வினையடியிலிருந்து வந்த எச்சம். களவுசெய்து உண்பவர் என்பது பொருள். ஆகவே சீட்டுக்கட்டு என்னும்போதே களவு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வித்தைக்காரன் மேடையில் சொல்லும் மந்திரம், கையில் வைத்திருக்கும் கருவி, பார்வையாளர் அசரும் காலம் எல்லாம் அந்த எட்டில் அடக்கம். கண்கட்டு என்பதற்கும் இதே வேர் கொள்ளலாமா என்று விரிவாக எழுதுகிறேன்.

மடல்: பள்ளத்தூர் ஆச்சி

ஐயா, பூம்புகார்லேருந்து வந்தோம்னு பெருமை பேசுற ஊர் நம்ம ஊர். கோவலனைக் கொல்ல வழி சொன்னவன் வாயிலேருந்தா பிள்ளைகளுக்குச் சொல் எடுக்கிறது?

எங்க வீட்டுல கல்யாணம், சடங்குன்னு ஆள் கூடினா பட்டாலையில சமுக்காளம் விரிச்சு ரம்மி நடக்கும். எவனாவது முன்கூட்டியே வரிசை பண்ணி வச்சுட்டா, 'செட் பண்ணின கட்டு'ம்பாக. அதையே செட்டுக்கட்டுன்னு போடுங்க டீச்சர். பிள்ளைக்கும் புரியும், கடைக்காரனுக்கும் புரியும்.

சீட்டுக்கட்டுன்னு மொட்டையாவும் போட வேண்டாம். 'பள்ளிக்கூடத்துல சீட்டுக் கட்டச் சொல்றாக'ன்னு பையன் போய்ச் சொன்னா, எத்தனை மாசம், என்ன தவணைன்னு வீட்டுல கேப்பாக.

மடல்: கண்டனூரான், சிங்கப்பூர்

டீச்சர், நான் ஓய்வு நேரத்தில் சீட்டு வித்தை செய்பவன். சொல்லுக்கு முன் பொருளைப் பிரித்துவிடுவோம். மூன்று பொருள் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது.

முதலாவது, சீட்டும் சாதாரணம், வரிசையும் சாதாரணம். பெரும்பாலான நல்ல வித்தைகளுக்கு இதுவே போதும். இரண்டாவது, சீட்டு சாதாரணம், வரிசை மட்டும் முன்பே அமைத்தது. உதாரணமாக ஒவ்வொரு சீட்டும் முந்தியதைவிட மூன்று கூடும்படியும், நான்கு இனமும் மாறி மாறி வரும்படியும் அடுக்கி வைத்தால், ஒரு சீட்டைப் பார்த்ததும் அடுத்ததைச் சொல்லிவிடலாம். ஆச்சி சொல்வது இதைத்தான். மூன்றாவது, சீட்டையே வெட்டியோ ஒட்டியோ குறிபோட்டோ மாற்றியது. டீச்சர் கேட்பது இது.

மூன்றாவதிலும் பல வகை. ஸ்வெங்காலி கட்டில் பாதிச் சீட்டு ஒரே சீட்டு, அவை மயிரிழை குட்டை. மீதிப் பாதி வெவ்வேறு சீட்டு, சரியான நீளம். இரண்டும் ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கும். விரலால் சரசரவென்று விட்டுக் காட்டினால் எல்லாம் வேறு வேறாகத் தெரியும். பார்ப்பவர் 'நிறுத்து' என்ற இடத்தில் எடுப்பது அந்த ஒரே சீட்டுத்தான். ஸ்ட்ரிப்பர் கட்டில் ஒவ்வொரு சீட்டின் ஒரு முனையும் லேசாகக் குறுகியிருக்கும். ஒன்றைத் திருப்பிச் செருகினால் அதன் அகன்ற முனை மட்டும் விரலுக்குத் தட்டுப்படும்.

'வித்தைக்கட்டு' என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம். சாதாரணக் கட்டால் வித்தை செய்தால் அதுவும் வித்தைக்கட்டுத்தானே? என் பரிந்துரை 'பொறிக்கட்டு'. பொறி என்றால் இயந்திரம், சிக்கவைக்கும் கண்ணி, இட்ட அடையாளம். மூன்று அர்த்தமும் இதற்குப் பொருந்தும்.

மடல்: குழு நெறியாளர்

பொதுவெளியில் வித்தை இரகசியத்தை உடைத்தால் தொழில் செய்கிறவர்கள் வருந்துவார்கள். தேவையான அளவோடு நிறுத்திக்கொள்ளலாமே.

மடல்: கண்டனூரான்

ஐயா, இவையெல்லாம் விளையாட்டுப் பொருள் கடையில் விளக்கத்தாளோடு விற்பவை. ஆனாலும் சரி, நிறுத்திக்கொள்கிறேன்.

மடல்: தேவகோட்டைப் புலவர்

'பொறி' கண்ணியமான சொல். ஆனால் சுமை அதிகம். 'பொறிவாயில் ஐந்தவித்தான்' என்னும்போது அது புலன். சோழனுக்குப் புலிப்பொறி. எலிக்கு எலிப்பொறி. அடுப்புக்குத் தீப்பொறி. இத்தனைக்கும் மேல், பிள்ளைகள் றகரத்தை ரகரமாக எழுதினால் ஆயுதபூசைக்கு வாங்கும் பொரிக்கட்டு ஆகிவிடும்.

செட்டுக்கட்டு ஆங்கிலக் கலப்பு, ஏற்பதற்கில்லை.

மடல்: பள்ளத்தூர் ஆச்சி

கலப்பா? ஐயா எந்தக் கட்டுல விளையாடுறீக? ஆட்டின்னு சொல்றதும் கிளாவர்னு சொல்றதும் எந்தச் சங்கப்பாட்டுல இருக்கு? டச்சுக்காரன் ஹார்ட்டன்னான், கிளாவர்னான், நாம வாங்கிக்கிட்டோம். எங்க மாமனார் கொழும்புல கொண்டுவிக்கப் போனவுக. அங்க சிங்களத்துல இஸ்பேடை இஸ்கோப்பன்னுவாகளாம், அதுவும் டச்சுதான். கடல் தாண்டி வட்டிக்கடை வச்ச ஊரு, சொல்லுக்குச் சுங்கம் போட்டா ஆகுமா?

செட்டுங்கிறது தமிழ்தான், தெரிஞ்சுக்கங்க. கட்டும் செட்டுமா குடும்பம் நடத்தணும்னு சொல்லித்தானே எங்களை வளத்தாக.

மடல்: தேவகோட்டைப் புலவர்

ஆச்சி அவர்கள் விளையாட்டாகச் சொன்னாலும் அது உண்மை. செட்டு சிக்கனம் என்னும் பொருளில் நல்ல தமிழ். அப்படியாயின் 'செட்டுக்கட்டு' என்பது செட்டாக ஒழுங்குபடுத்திய கட்டு. இந்தப் பொருளில் எனக்குத் தடையில்லை. ஆங்கிலச் 'செட்' என்று கொண்டால் தடை உண்டு.

மடல்: கோட்டையூர் அச்சுக்காரர்

எல்லாருக்கும் வணக்கம். கையேடு எங்க அச்சகத்துக்குத்தான் வருது. சொல் எதுவானாலும் 16 பக்கம் ஒரு பாரம், அதாவது ஒரே அச்சுத்தாள். ஒரு வரி கூடினாலும் அடுத்த பாரம் ஏறும், காசும் ஏறும்.

ஒரு தொழில் சங்கடம். டீச்சர் கேட்டிருக்கிற சின்ன எழுத்தில் 'கரவு' என்று அடித்தால் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாது. 'காவுக்கட்டு' என்று படிப்பார்கள். ஆடு வெட்டுகிற கட்டா என்று பெற்றோர் கேட்டால் நான் பொறுப்பில்லை.

'ஃபினிஷ்' எங்களுக்குப் பழக்கம். லினன் ஃபினிஷ், மேட் ஃபினிஷ் என்றே ஓடுகிறது. தமிழில் வேண்டுமானால் 'மேனி' போடலாம்.

மடல்: காரைக்குடி ஆசிரியை

மேனி நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொண்டேன். கண்டனூர்த் தம்பி, மேனி பற்றிப் பிள்ளைகளுக்கு இரண்டு வரி சொல்லுங்கள், எதைப் பார்த்து வாங்குவது?

மடல்: கண்டனூரான்

புள்ளிபுள்ளியாகக் குழி அழுத்திய மேனி என்றால் சீட்டுகளுக்கு இடையில் காற்று நிற்கும், விசிறிபோல் விரியும். வழவழப்பான மலிவுச் சீட்டு நம் ஊர் வேர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இரண்டு சீட்டு ஒன்றாக வந்துவிடும். முழு பிளாஸ்டிக் சீட்டு தண்ணீர் பட்டாலும் கெடாது, ரம்மிக்கு நல்லது. ஆனால் வழுக்கும், வளைத்தால் வளைவு நிற்காது. வித்தைக்குக் காகிதமே மேல்.

அகலம் முக்கியம். போக்கர் அளவு 63 மில்லிமீட்டர், பிரிட்ஜ் அளவு 57 மில்லிமீட்டர். நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். சின்னக் கை என்று எண்ணிப் பிள்ளைகளுக்குக் குறுகலானது வாங்கலாம், தப்பில்லை. ஆனால் வித்தைக்கென்று செய்யும் கட்டுகள் பெரும்பாலும் போக்கர் அளவில்தான் வரும். பின்னால் இரண்டையும் கலக்க முடியாது.

1885-லிருந்து வரும் பைசிக்கிள் என்ற அமெரிக்கச் சீட்டுக்கட்டை வித்தைக்காரர்கள் விரும்புவதற்கு இன்னொரு காரணம், முதுகைச் சுற்றி வெள்ளை விளிம்பு. ஒரு சீட்டை நடுவில் குப்புற மாற்றி வைத்தாலும், லேசாக விரித்தால் அந்த வெள்ளை மற்ற விளிம்போடு கலந்துவிடும். பீ என்ற கட்டில் சித்திரம் ஓரம்வரை ஓடும். மாற்றி வைத்த சீட்டு பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஓரம் சுத்தமாக வெட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சரிபாதியாகப் பிரித்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்துக் கலைக்கும் முறை உண்டு. மேல்சீட்டு மேலேயே நிற்கும்படி பிசகில்லாமல் செய்தால் 8-ஆம் முறை 52 சீட்டும் பழைய வரிசைக்குத் திரும்பிவிடும். ஓரம் பிசிறாக இருந்தால் முதல் முறையே தாண்டாது.

மடல்: பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, விளிம்பு என்ன விளிம்பு. கண்டாங்கிச் சேலைக்கு இருக்கிற மாதிரி அது கரை. கரைபோட்ட கட்டு, கரையில்லாத கட்டு. எழுதிக்கங்க டீச்சர்.

மடல்: தேவகோட்டைப் புலவர்

கரை மிக நன்று. 'ஒன் வே பேக்' என்பதற்கு ஒருதலை முதுகு என்பேன். ஒருதலை என்றால் பழந்தமிழில் துணிவு, உறுதி.

மடல்: காரைக்குடி ஆசிரியை

ஐயா, ஒன்பதாம் வகுப்பில் 'ஒருதலை' என்று சொன்னால் அடுத்த சொல்லை அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பாடவேளை அத்தோடு போயிற்று. 'ஒருபோக்கு முதுகு' என்று வைக்கிறேன்.

நாளை மாலைக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் முடிவு இப்படி: சீட்டை மாற்றியது பொறிக்கட்டு. அதன் உள்வகைகள் குட்டைக்கட்டு (ஸ்வெங்காலி), சீவுகட்டு (ஸ்ட்ரிப்பர்), குறிக்கட்டு (குறிபோட்டது). வரிசையை மட்டும் மாற்றியது, ஆச்சி சொன்ன செட்டுக்கட்டு. பொறிக்கட்டுக்கு மூவர் சரி என்றார்கள், புலவர் ஐயா மறுத்திருக்கிறார், நெறியாளர் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் முதலில் வாங்க வேண்டியது கரைபோட்ட, குழிமேனியுள்ள சாதாரணக் கட்டு என்றே எழுதியிருக்கிறேன். பொறிக்கட்டுப் பகுதியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன்.

மடல்: கோட்டையூர் அச்சுக்காரர்

வல்லின றகரம்தானே? மெய்ப்பு வந்ததும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மடல்: தேவகோட்டைப் புலவர்

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். எழுத்துருவின் குறைக்காகக் 'கரவு' என்ற சொல்லைக் கைவிடுவது முறையன்று, எழுத்தைப் பெரிதாக்கியிருக்கலாம். 'கட்டுண் மாக்கள்' குறித்தும், இரண்டாங்கட்டு மூன்றாங்கட்டு என்று நம் வீடுகளில் வழங்கும் கட்டு குறித்தும் தனி இழை தொடங்குகிறேன்.

மடல்: பள்ளத்தூர் ஆச்சி

தொடங்குங்க ஐயா. ஆனா திங்கக்கிழமை தொடங்குங்க. சனி ஞாயிறு இங்க சாந்திக் கல்யாண வீடு, ஆள் நிறைய வாராக, கட்டு ரெண்டு பத்தாது. தம்பி கண்டனூரான், அந்தக் குழிபோட்ட மேனியில ரம்மிக்கு ஆகுறது எதுன்னு தனியா எழுதுங்க.