தேக்காவில் ஆள் பஞ்சமா, திட்டப் பஞ்சமா?

ரோஸ்டர் ராசா:
எங்கள் சாப்பாட்டுக் கடை தேக்கா பக்கம், சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரம். பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். போன தீபாவளி வாரம் வாசலில் ஒரு காகிதம் ஒட்டினோம்: "ஆள் பற்றாக்குறை. மாலை 6 மணிக்கு மேல் தோசை இல்லை." தேக்காவில், தீபாவளிக்கு, தோசை இல்லை! சிரித்துக்கொண்டே படம் எடுத்துப் போனார் ஒருவர். அந்த வார ரோஸ்டரில் (வேலை அட்டவணையில்) ஆறு நாள் காலையிலும் இரவிலும் என் பெயர்தான். சிங்கப்பூரில் ஆள் கிடைப்பதில்லை என்கிறார் முதலாளி. 2025 தீபாவளி அக்டோபர் 20 என்று மனிதவள அமைச்சு முந்தின வருஷமே பட்டியல் போட்டுவிட்டது. ஆகஸ்டில் இரண்டு பேர் வேலையை விட்டு நின்றபோதே தேடியிருக்க வேண்டாமா?

கல்லாப்பெட்டி:
தம்பி, ரோஸ்டர் போடுவது வேறு, வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்கு லெவி (தீர்வை) கட்டுவது வேறு. நானும் சின்னதாக ஒரு கடை நடத்துகிறேன். 2023 செப்டம்பர் வரை இந்தியாவிலிருந்து சமையல்காரரை வொர்க் பெர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டில்) எடுக்கவே வழியில்லை. இப்போது விட்டிருக்கிறார்கள், சரி. ஆனால் மாதம் குறைந்தது 2,000 வெள்ளி, அதுவும் மொத்த ஆட்களில் 8 விழுக்காட்டுக்குள். 20 பேர் வேலை செய்யும் கடைக்கு 1.6 வருகிறது. அதாவது ஒரே ஒரு தோசை மாஸ்டர். அவருக்குக் காய்ச்சல் வந்தால் உங்கள் திட்டமா வந்து தோசை சுடும்? இரண்டு வாரக் கூட்டத்துக்காக வருஷம் முழுக்க இரண்டு பேரைச் சும்மா வைத்துச் சம்பளம் கொடுக்க முடியுமா?

இரவு ஷிஃப்ட்:
நான் அண்ணன் பக்கம். பெரிய இடங்களுக்கே கணிப்பு தப்புகிறது. 2020 செப்டம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் சுமார் 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. இரண்டே வருஷத்தில் சாங்கி விமான நிலையத்தில் ஆள் போதாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்தவன்தான் நானும்.

ரோஸ்டர் ராசா:
கொரோனா சொல்லாமல் வந்தது. தீபாவளி சொல்லிவிட்டுத்தானே வருகிறது?

அண்ணே, யாரையும் சும்மா வைக்கச் சொல்லவில்லை. சேவைத் துறையில் வெளிநாட்டவர் மொத்தத்தில் 35 விழுக்காடுதான். எங்களிடம் உள்ளூர்க்காரர் 13, வெளிநாட்டவர் 7, சரியாக விளிம்பில். ஆகஸ்டில் நின்ற இருவரும் உள்ளூர்க்காரர்கள். மிச்சம் 11 பேருக்கு 5 வெளிநாட்டவர்தான் வைக்கலாம். போனது இரண்டு பேர், குறைந்தது நாலு பேர். உள்ளூர்க்காரர் எண்ணிக்கைக்கு அமைச்சு மூன்று மாத சிபிஎஃப் (சேமநிதிச் சந்தா) சராசரியைப் பார்ப்பதால் அடி உடனே விழவில்லை. அக்டோபரில் இரண்டு பெர்மிட்டைப் புதுப்பிக்கப் போனபோதுதான் விழுந்தது. நடுவில் ஒரு விளம்பரம்கூடப் போடவில்லை.

நின்றவர்களில் ஒருவர் பாத்திரம் கழுவும் அக்கா, 61 வயது. பேரனைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வாரம் நாலு நாள் வரட்டுமா என்று கேட்டார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை, சோப்புத் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. முழு நேரம் முடியாதென்றால் வேண்டாம் என்றார் முதலாளி. அப்போது, 2025இல், மாதம் 1,600 வெள்ளியோ அதற்கு மேலோ வாங்கிய உள்ளூர்க்காரர் கோட்டாவில், அதாவது எத்தனை வெளிநாட்டவரை வைக்கலாம் என்ற கணக்கில், ஒரு தலை. 800 முதல் 1,600க்குள் வாங்கியவர் அரைத் தலை. அந்த அரைத் தலை இருந்திருந்தால் ஐந்து ஆறாகியிருக்கும், ஒரு பெர்மிட் பிழைத்திருக்கும்.

கல்லாப்பெட்டி:
அக்கா விஷயத்தில் உங்கள் முதலாளி செய்தது முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விளம்பரம் போட்டால் ஆள் வந்துவிடுமா? மூன்று வாரம் போட்டேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் முதல் நாள் மதியக் கூட்டத்தில் கழிவறைக்குப் போனார், திரும்பவே இல்லை. ஏப்ரன் மட்டும் கதவுப் பிடியில் தொங்கியது.

அல்ஜூனிட் மதினி:
சிரித்துவிட்டேன் அண்ணே. ஆனால் அந்த ஆள் ஏன் ஓடினார்? அன்றைக்கு எத்தனை பேர் வேலையை அவர் தலையில் கட்டினீர்கள்? நான் ஊழியர் பிரிவில் இருக்கிறேன். ஓவர்டைம் மாதம் 72 மணி நேரம்தான் என்பது சட்டம். ஆள் குறைந்த இடத்தில் இருபதாம் தேதிக்குள் அது தீர்ந்துவிடுகிறது. அப்புறம் ஒருவர் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுக்கிறார், அவர் ஷிஃப்ட்டைச் செய்தவர் அடுத்த வாரம் எம்சி எடுக்கிறார், மூன்றாமவர் ராஜினாமா. இது ஆள் கிடைக்காத கதையில்லை, இருந்தவரை ஓட்டிவிட்ட கதை.

கல்லாப்பெட்டி:
மூன்று பேர் வேலை, மதினி. பொய் சொல்ல மாட்டேன்.

ரோஸ்டர் ராசா:
எங்கள் கடையில் அதே வாரம் ஒருவர் மூன்று நாள் எம்சி. அவர் ஷிஃப்ட்டும் நான்தான்.

இரவு ஷிஃப்ட்:
அந்த அக்கா இப்போது எங்கே?

ரோஸ்டர் ராசா:
தோ பாயோவில் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில். வாரம் நாலு நாள், மதியம் இரண்டு மணிக்கு வீடு.

கல்லாப்பெட்டி:
தம்பி, அவரிடம் கேட்டுவிட்டு நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பள்ளி விடுமுறையில் மூன்று நாள் வந்தாலும் எனக்குப் போதும்.