சமையலறைச் சுவரை எடுத்துவிடலாமா, இருக்கட்டும் என்று விடலாமா?

கேள்வி:

வணக்கம். எங்கள் வீட்டைப் புதுப்பிக்கும் வேலை அடுத்த மாதம் தொடங்கவிருக்கிறது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்துவிட்டு ஒரே இடமாக்குவதா, இப்போதிருப்பதுபோல் கதவுள்ள தனி அறையாகவே விட்டுவிடுவதா என்பதில் எனக்கும் மனைவிக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. சமையலறை 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். கூடம் ஐந்துக்கு நான்கு மீட்டர். நாள்தோறும் இரண்டு வேளையும் எரிவாயு அடுப்பில்தான் சமைக்கிறோம். வறுப்பதும் பொரிப்பதும் உண்டு. சமைத்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்தபடியே நிற்க வேண்டியிருக்கிறது, நான்கு வயது மகன் கூடத்தில் என்ன செய்கிறான் என்பதைச் சத்தத்தை வைத்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது என்கிறார் அவர். என் தயக்கம் வேறு. எங்களுடன் இருக்கும் என் தாயாருக்குக் காது சற்று மந்தம். மிக்ஸியோ குழாயோ ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூட அவருக்குப் பிடிபடுவதில்லை. இரண்டு வகைச் சமையலறையிலும் புழங்கியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்:

ஆறு ஆண்டுகள் திறந்த சமையலறையில் சமைத்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் ஆண்டு எனக்கு அதைப் போல் பிடித்தது வேறொன்றும் இல்லை. மூன்றாம் ஆண்டில், கூடத்தின் மறுகோடியில் இருந்த புத்தக அலமாரியின் உச்சியைத் துடைக்க ஏறினேன். அங்கே படிந்திருந்தது தூசி அல்ல. தூசியும் எண்ணெயும் குழைந்து மஞ்சளாய் இறுகிய ஒரு பசை. விரலை வைத்தால் ஒட்டியது, ஈரத்துணிக்கு அசையவில்லை. மின்விசிறி இறக்கைகளிலும் திரைச்சீலையின் மேல்மடிப்பிலும் அதே கதைதான்.

இத்தனைக்கும் அடுப்புக்கு மேலே சிம்னி இருந்தது. ஆனால் அது காற்றை வெளியே தள்ளாமல், கரி வடிகட்டி வழியாகச் சுழற்றி அறைக்குள்ளேயே விடும் வகை என்பதை நான் வாங்கும்போது கவனிக்கவில்லை. அந்த வகை வாசனையை ஓரளவு குறைக்கும். நீராவியையும், எரிவாயு எரிவதால் உண்டாகும் நைட்ரஜன் டை ஆக்சைடு போன்றவற்றையும் அதனால் வெளியேற்ற இயலாது. கடைசியில், பழைய சுவர் இருந்த இடத்திலேயே கண்ணாடி ஸ்லைடிங் கதவுகளைப் பொருத்தினோம். பொரிக்கும்போது மூடுகிறேன், மற்ற நேரத்தில் திறந்தே கிடக்கிறது. உங்கள் தாயாரை நினைத்தாலும் இதையே சொல்வேன்: கண்ணாடி இரைச்சலைத்தான் தடுக்கும், முகத்தை மறைக்காது.

இரண்டாம் பதில்:

கட்டட வேலையில் இருப்பவன் நான். அழகு பற்றிய விவாதத்துக்கு முன்னால் அந்தச் சுவர் பாரம் தாங்கும் சுவரா என்பதைப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். தூண்களும் பீம்களும் எடையைத் தாங்கும் வீட்டில் நடுச்சுவரை எடுப்பது பெரும்பாலும் சாத்தியமே. செங்கல் சுவர்களே கூரையைத் தாங்கும் வீட்டில், மாற்று பீம் போடாமல் ஒரு கல்லைக்கூட உருவக் கூடாது.

அடுத்தது காற்று. உங்கள் சமையலறையின் உயரத்தை 3 மீட்டர் என்று கொண்டால், அதில் இருக்கும் காற்று 22.5 கன மீட்டர். மணிக்கு 340 கன மீட்டர் இழுக்கும் சிம்னி, அவ்வளவு காற்றையும் நான்கே நிமிடத்தில் வெளியேற்றிவிடும். கூடத்தையும் சேர்த்தால் 82.5 கன மீட்டர். அதே சிம்னிக்குக் கால் மணி நேரம் பிடிக்கும், அதற்குள் எண்ணெய்ப் புகை சோபாவில் படிந்துவிடும். ஆகவே சுவரை எடுப்பதென்றால் வலுவான சிம்னி, கூடியவரை வளைவில்லாத குழாய், வெளிச்சுவரில் திறப்பு ஆகிய மூன்றும் வேண்டும். மூடிய சமையலறையிலும் ஒரு தவறு சாதாரணமாக நடக்கிறது: கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுச் சிம்னியை ஓட்டுகிறார்கள். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் எந்தச் சிம்னியும் இழுக்காது. மெல்லிய தாள் ஒன்றை அதன் வடிகட்டியில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் இழுக்கிறது என்று பொருள். அடுப்பைப் பற்றவைக்காமல் செய்யுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிலிண்டரில் வரும் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். சிறிய மூடிய அறையில் அது விரைவில் ஆபத்தான அளவை எட்டிவிடும் என்பதால், தனிச் சமையலறையே போதும் என்று முடிவெடுத்தால் வெளிச்சுவரில் தரைமட்டத்தை ஒட்டி ஒரு காற்றுத்துளை கட்டாயம் வையுங்கள்.

மூன்றாம் பதில்:

மேலே எழுதிய இருவரும் புகையைப் பற்றியே பேசுகிறார்கள். சமைப்பவரைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபுர்ட் சமையலறை, வீண் நடையைக் குறைப்பதற்காகச் சுமார் 1.9 மீட்டர் அகலத்துக்குள் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் அடக்கியது. வேலை சுருங்கியது உண்மை. ஆனால் ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அறையில் சமைப்பவர் தனித்துப்போகிறார் என்ற குறையும் பின்னாளில் அதன்மேல் சொல்லப்பட்டது. என் அம்மா முப்பது ஆண்டுகள் அப்படித்தான் நின்றார். நாங்கள் கூடத்தில் சிரிக்கும்போதெல்லாம் "என்ன, என்ன?" என்று உள்ளிருந்து கேட்பார், யாராவது எழுந்துபோய்ச் சொல்வதற்குள் அந்தச் சிரிப்பு ஆறிப்போயிருக்கும்.

அதனால் உங்கள் மனைவி சொல்வதை வெறும் ஆசை என்று ஒதுக்கிவிடாதீர்கள். முழுச் சுவரையும் இடிக்காமல், சமையல் மேடைக்கு மேலே அகலமான திறப்பு ஒன்றை விட்டு, அதற்கு மடக்குக் கதவு போடலாம். மேடை 90 சென்டிமீட்டர் உயரம் என்றால், கூடத்துப் பக்கச் சுவரை 110 வரை விடுங்கள்; கழுவாத பாத்திரங்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படாது. அடுப்பு வெளிச்சுவரில் இருக்கட்டும். நறுக்கும் இடத்தைத் திறப்பின் அருகே மாற்றுங்கள். சமையலில் பெரும்பொழுது நறுக்குவதிலும் கழுவுவதிலும்தான் போகிறது.

கேட்டவரின் மறுமொழி:

மூவருக்கும் மிக்க நன்றி. தாள் சோதனையை இன்று காலை செய்து பார்த்தேன். ஜன்னல் மூடியிருந்தபோது தாள் நழுவி விழுந்தது; ஒரு சாண் திறந்ததும் ஒட்டிக்கொண்டது. இத்தனை காலம் நாங்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டுதான் சமைத்திருக்கிறோம். திறப்பு யோசனையைச் சொன்னதும் மனைவி ஒரு சாக்கட்டியை எடுத்துச் சுவரில் கோடு போட்டுவிட்டார். கோட்டின் கீழ்விளிம்பு மகனின் தலைக்கு மேலே இருப்பதால், மேடையை ஒட்டி நின்றால் அவன் விளையாடும் மூலை தெரியுமா என்று அளந்துகொண்டிருக்கிறார். சனிக்கிழமை பொறியாளர் வருகிறார். அந்தச் சுவர் பாரம் தாங்குகிறதா என்பதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.