எம்ஆர்என்ஏ ஏறுகிறது, எலிசாவில் ஐஎல்-8 இல்லை: ஈறு நோய் பாக்டீரியா

கேள்வி:
டிஹெச்பி-1 செல்களை (மனித மோனோசைட் செல்வரிசை) பிஎம்ஏ என்ற வேதிப்பொருள் கொடுத்து மேக்ரோஃபேஜாக்கி (கிருமியை விழுங்கும் நோயெதிர்ப்பு செல்), உயிருள்ள போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸை (டபிள்யூ83 ரகம்) செல்லுக்கு 100 வீதம் விட்டால், 6 மணி நேரத்தில் ஐஎல்-8 என்ற அழற்சிப் புரதத்தின் எம்ஆர்என்ஏ நன்றாக ஏறுகிறது. அதே கிணற்று (வளர்ப்புத் தட்டின் குழி) ஊடகத்தில் எலிசா (புரதத்தை ஆன்டிபாடியால் அளக்கும் சோதனை) போட்டால் வெற்று. ஈ.கோலை எல்பிஎஸ் (பாக்டீரியா வெளிச்சவ்வின் லிப்போபாலிசாக்கரைடு) விட்ட கிணறுகளில் இரண்டுமே ஏறுகின்றன, எனவே கிட் சரிதான். புரதம் எங்கே போகிறது?

பதில் 1:
பாக்டீரியா தின்றுவிடுகிறது. அதன் ஜிஞ்சிபைன்கள் புரதம் வெட்டும் என்சைம்கள்: ஆர்ஜிபிஏ, ஆர்ஜிபிபி இரண்டும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை அடுத்தும், கேஜிபி லைசினை அடுத்தும் வெட்டும். ஐஎல்-6, ஐஎல்-8, டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதங்கள் எதுவும் தப்பாது. செல் மேலிருக்கும் சிடி14 ஏற்பிகூட.

உறுதி செய்ய: அந்த ஊடகத்தை 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடித்து, மி.லி.க்கு 1 நானோகிராம் ரீகாம்பினன்ட் (ஆய்வகத்தில் தயாரித்த) ஐஎல்-8 கலந்து, 37 டிகிரியில் 1 மணி நேரம் வைத்து எலிசா போடுங்கள். பாக்டீரியா படாத ஊடகத்தில் கிடைத்து இதில் கிடைக்காவிட்டால் விஷயம் முடிந்தது. அடுத்து கேஒய்டி-1 (ஆர்ஜிபி தடுப்பான்), கேஒய்டி-36 (கேஜிபி தடுப்பான்) இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். லூப்பெப்டின் என்ற தடுப்பான் மட்டும் போதாது, அது கேஜிபியை விட்டுவிடும். டிஎல்சிகே என்ற தடுப்பான் ஆர்ஜிபி, கேஜிபி இரண்டையும் அடக்கும், ஆனால் மேக்ரோஃபேஜுக்கும் நஞ்சு; பாக்டீரியாவை மட்டும் அதில் ஊறவைத்து, கழுவிய பிறகே விடவும்.

கேட்டவர்:
சூட்டில் கொன்ற பாக்டீரியாவுக்கு மாறிவிட்டால் எளிதில்லையா?

பதில் 1:
எலிசாவுக்கு எளிது, கேள்விதான் மாறிப்போகும். ஜிஞ்சிபைன் வெட்டுவதோடு நிற்பதில்லை, செல் மேலிருக்கும் பிஏஆர்-2 ஏற்பியையும் தூண்டுகிறது. சூட்டில் கொன்றால் மரபணுப் பதிலில் அந்தப் பங்கு விடுபடும். தனிக் கட்டுப்பாடாக வையுங்கள், மாற்றாக வேண்டாம்.

பதில் 2:
எம்ஆர்என்ஏ எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். பிஎம்ஏவே, அழற்சி மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பாபியைக் கிளப்பும். அதை எடுத்துவிட்டு 24 மணி நேரமாவது ஓய்வு கொடுக்காவிட்டால் அடிமட்டமே உயர்ந்திருக்கும். ஜிஏபிடிஹெச்சை ஒப்பீட்டு மரபணுவாக வைத்திருந்தால் மாற்றுங்கள்: தூண்டப்பட்ட மேக்ரோஃபேஜில் கிளைக்காலிசிஸ் (குளுக்கோஸ் சிதைவு) கூடும்போது அதுவும் நகரும். ஹெச்பிஆர்டி1 போன்ற வேறு இரண்டைச் சரிபார்த்து வையுங்கள்.

செல்லுக்கு 100 என்றால் ஜிஞ்சிபைன் செல்களைத் தட்டிலிருந்து பெயர்த்தும் விடும். மிதப்பவற்றைக் கொட்டிவிட்டால் ஒட்டி நின்றவற்றின் கதைதான் கிடைக்கும். 300 ஜி, 5 நிமிடம் சுழற்றி அதே லைசேட்டில் (உடைத்த செல் கரைசல்) சேருங்கள்.

பதில் 3:
உயிருள்ளதை விட்டு இதன் எல்பிஎஸ்ஸுக்குப் போவதாக இருந்தால்: சாதாரணச் சுத்திகரிப்பில் லிப்போபுரோட்டீன் ஒட்டிவரும், அதை உணரும் டிஎல்ஆர்2 ஏற்பியின் பதிலை எல்பிஎஸ் பதில் என்று எழுதிவிடுவோம். எல்பிஎஸ்ஸைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின் பி கட்டுப்பாடும் இங்கே கைகொடுக்காது. எல்பிஎஸ்ஸின் லிப்பிட் ஏ பகுதியில் அது பிடிக்க வேண்டிய பாஸ்பேட்டை பாக்டீரியாவே கழற்றிவிடுகிறது.